றங்குப்பெட்டியில் இருந்த லீவர்கள்

என் அப்பா வவுனியாவில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் வேலை செய்கிறார் என்று பதினான்கு மாதங்கள் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. சொன்னவர் அம்மா. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் கராச்சுக்குப் பெயர் இருக்கவில்லை. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் கேட்கவுமில்லை. அப்பா அங்கே செய்யும் வேலை மட்டும் தெளிவாக இருந்தது: பழைய லொறிகளின் றிம்மிலிருந்து ரயர் கழற்றுகிறார். அந்த வேலை தெரிந்தவர்கள் வவுனியாவில் குறைவு. அதனால் முதலாளி அவரை விடுகிறாரில்லை. "கழட்டுற சாமானையும் கையோடை கொண்டுதான் போனவர்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் அந்தக் கதையை முடிப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. கிளிநொச்சிக்கு வெளியே, இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஒட்டி எங்கள் காணி இருந்தது. வயல் இரண்டு ஏக்கர். வீட்டின் முன்னால் ஒரு வேம்பு. வேம்பின் கீழே லொறி.

லொறி அப்பாவைவிட வயதில் மூத்தது. வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கி, யாழ்ப்பாணத்தில் இரண்டு பேரிடம் ஓடி, மூன்றாவதாக அப்பாவிடம் வந்தது. மூக்கு நீண்டது. இடப்பக்கக் கதவைக் கம்பியால் கட்டித்தான் மூட வேண்டும். வன்னிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபின் அது மண்ணெண்ணெயில் ஓடியது. புறப்படும்போது மட்டும் ஒரு மருந்துப் போத்தலின் மூடியளவு பெற்றோல் வேண்டும். நெல், செங்கல், விறகு, இடம்பெயரும் ஆட்கள் என்று எதையும் ஏற்றியது. ஒருநாள் அதன் எண்ணெய்ப் பம்புக்குள் இருந்த உள்ளங்கையளவு றப்பர்த் தகடு கிழிந்தது. அப்பா சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி வைத்துப் பார்த்தார். மண்ணெண்ணெய் அதை இரண்டு நாளில் கூழாக்கிவிட்டது. மூன்றாம் நாள் காலை, வன்னியை விட்டு வெளியே போவதற்கு வாங்கிய பாஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வவுனியாவுக்குப் புறப்பட்டார்.

"ஒரு றப்பர்தானே. நாளையிண்டைக்கு வந்திடுவன்" என்றார். பிறகு படலைவரை போனவர் திரும்பி நின்று, "லொறியை ஒரே இடத்திலை நிக்க விடாதை. ரயர் ஒரு பக்கமா உக்கிப்போகும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அம்மா அந்தச் சொல்லைத் தட்டவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் லொறியை நகர்த்தினோம். அம்மாவின் தம்பி, என் மாமா, பின்சில்லின் கீழே கனத்த இரும்பு அலவாங்கைக் கொடுத்து நெம்புவார். நானும் அம்மாவும் பின்னாலிருந்து தள்ளுவோம். அடுத்த காணிக்காரர் உதவிக்கு வருவார். அவரிடம் ஒரு உழவு மிசின் இருந்ததால் நாங்கள் அவரை மிசின் அண்ணை என்போம். ஒரு கிழமை ஒரு முழம் முன்னால், மறுகிழமை அதே முழம் பின்னால். அதற்குமேல் லொறி எங்கும் போகவில்லை. தள்ளி முடிந்ததும் அம்மா நாலு சில்லுகளையும் வெயில் படாமல் தென்னங்கிடுகால் மறைப்பார்.

"எங்கடை கோயில் தேர் வருஷத்துக்கு ஒருக்காத்தான் அசையும். உங்கடை வீட்டுத் தேர் கிழமைக்கு ஒருக்கா" என்பார் மிசின் அண்ணை.

"தேருக்கு வடம் பிடிச்சால் புண்ணியம், அண்ணை. இதுக்கு நாரி நோதான்" என்பார் மாமா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"கராச்சுக்காரர் வந்து நோவுக்கு எண்ணெய் வாங்கித் தருவார். பேசாமல் நெம்படா."

கராச்சுக்காரர் என்றால் அப்பா. மிசின் அண்ணை அதைச் சொல்லும்போது அம்மாவும் சிரிப்பார். வேறு நாட்களில் அம்மா சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய வாகனங்களின் றிம் ஒரே துண்டு. எங்கள் லொறியினது அப்படியல்ல. ரயரை ஒரு பக்கத்தால் செருகி, அது வெளியே வந்துவிடாமல் ஒரு இரும்பு வளையத்தால் பூட்டுவார்கள். றிங் என்று சொல்வோம். றிங்கின் ஓரிடத்தில் விரல் நகத்தளவு பள்ளம் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அதற்கென்றே வளைத்த நுனியுள்ள லீவரைக் கொடுத்து நெம்பினால் றிங் ஒரு பக்கம் எழும்பும். எழும்பிய இடத்தை விடாமல் இரண்டாவது லீவரால் சுற்றிவரத் தொடர்ந்து போக வேண்டும். ரயருக்குள் கொஞ்சம் காற்று மிஞ்சியிருந்தாலும் றிங் பறக்கும். பறந்தால் ஆள் தப்புவது கடினம்.

அப்பாவிடம் இருந்தவை நாலு சாமான்கள். கொக்கி நுனியுள்ள கட்டை லீவர் ஒன்று. கரண்டிபோலத் தட்டையான நுனியுள்ள நீட்டு லீவர்கள் இரண்டு. துருப்பிடித்து றிம்மோடு ஒட்டிப்போன ரயரைப் பிரிப்பதற்கு, வாத்தின் சொண்டுபோல ஒருபக்கம் அகன்ற சுத்தியல் ஒன்று. பழைய லொறி ஒன்றின் ஸ்பிரிங் தகட்டைக் கொல்லரிடம் கொடுத்து அடிப்பித்த லீவர்கள். கடையில் வாங்க முடியாதவை.

அவை எங்கள் வீட்டில்தான் இருந்தன. ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டு நான் வந்தபோது அம்மா அறையில் றங்குப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அப்பா இடுப்பில் கட்டும் நீலச் சாரம் நிலத்தில் விரிந்து கிடந்தது. அதன்மேல் நாலு சாமான்களும் நீளப்படி வரிசையாக இருந்தன. அம்மா தேங்காயெண்ணெயில் தோய்த்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். என்னைக் கண்டதும் கை ஒருகணம் நின்றது.

"துருப்பிடிச்சால் அப்பா ஏசுவார்" என்றார். பிறகு அவற்றைச் சாரத்தில் சுருட்டி, தன் கூறைச்சேலைக்குக் கீழே வைத்துப் பெட்டியை மூடினார்.

அப்பா சாமான்களைக் கொண்டுபோய்விட்டார் என்பதையும் நான் நம்பினேன். சாமான்கள் பெட்டியில் இருக்கின்றன என்பதையும் அறிந்திருந்தேன். இரண்டும் என் தலைக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் பரந்தன் பக்கத்திலிருந்து ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதல் நாள் தூரத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்துவதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் குசினித் தட்டில் இருந்த பீங்கான்கள் அதிர்ந்தன. எங்கள் ஒழுங்கையில் சனம் போகத் தொடங்கியது. சைக்கிள், மாட்டுவண்டில், தள்ளுவண்டில். துணுக்காய்ப் பக்கம் போகச் சொல்கிறார்கள் என்றார்கள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே திசையில் போனார்கள்.

எனக்குப் போக ஆசையாக இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மூட்டைகளின்மேல் ஏறி இருந்துகொண்டு கை காட்டினார்கள். நாங்கள் மட்டும் போகவில்லை. அம்மா மறுத்துவிட்டார்.

"அவர் நேரா இங்கைதான் வருவார். வந்து பாத்திட்டு எங்கையெண்டு தேடுவார்?"

மாமா இரண்டு நாள் கெஞ்சினார். வீட்டுச் சுவரில் கரியால் இடத்தை எழுதிவிட்டுப் போகலாம் என்றார். அம்மா கேட்கவில்லை. தான் லொறியோடு நிற்பதாகவும், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போகும்படியும் ஒருமுறை சொன்னார். அதற்கு மாமா அம்மாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நாலாம் நாள் மத்தியானம் மிசின் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று அவர் பகிடி எதுவும் விடவில்லை. மிசினின் பின்னால் பூட்டும் பெட்டியில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, வாய்க்கால் மதகில் ஏதோ இரும்பு கிழித்து, பெட்டியின் ஒரு ரயர் வாய் பிளந்து, ரியூப்பும் போய்விட்டது. அவருடைய மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். நடந்துபோக முடியாது. அவர் மனைவி பிள்ளையோடு, நாங்கள் மூன்று பேர், எல்லோரும் அந்தப் பெட்டியில்தான் போக வேண்டும். வேறு வாகனம் அந்த ஒழுங்கையில் மிஞ்சவில்லை. பெட்டிக்குப் பொருந்தும் ரயர் எங்கள் லொறியில் மட்டும் இருந்தது. சில்லை முழுதாக மாற்றிப் பூட்டவும் வழியில்லை. லொறிச் சில்லுக்கு ஆறு நட்டு, பெட்டிக்கு ஐந்து. ரயரை றிம்மிலிருந்து கழற்றித்தான் ஆக வேண்டும்.

"தங்கச்சி, நான் உங்கடை லொறியிலை கண் வைக்கிறனெண்டு நினைக்காதை" என்றார் அவர். "எனக்கெண்டால் நான் நடப்பன். பச்சை உடம்புக்காரி நடக்க மாட்டாள்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா லொறியைப் பார்த்தார்.

"ரயரைத் தரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை, அண்ணை" என்றார் அம்மா. "கழட்டச் சாமான் இல்லை. அவர் கொண்டு போட்டார். உங்களுக்குத் தெரியும்தானே."

மாமாவும் மிசின் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓம் அக்கா, தெரியும்" என்றார் மாமா. "அலவாங்கு கிடக்குத்தானே. அதாலை பாப்பம்."

மிசினின் ஜாக்கை வைத்து லொறியின் பின்பக்கத்தை உயர்த்தினார்கள். நட்டுகளைக் கழற்றி, சில்லை உருட்டிவந்து வேம்பின் நிழலில் படுக்க வைத்தார்கள். மாமா ஒரு ஆணியை வால்வுக்குள் விட்டு அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. நான் முகத்தை அருகே கொண்டுபோனேன். குளிர்ச்சியாக, பழைய றப்பர் மணத்தோடு அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காற்று பதினான்கு மாதங்களுக்கு முன் அப்பா அடித்தது. அது முழுவதும் வெளியேற வெகுநேரம் பிடித்தது. அம்மா குசினி வாசலுக்கு வந்து, சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.

பிறகு அலவாங்கு வேலை தொடங்கியது. அலவாங்கின் நுனி பெருவிரல் மொத்தம். றிங்கின் பள்ளம் நகத்தளவு. மாமா நுனியை வைத்து ஓங்கிக் குத்துவார். அது வழுக்கி றிம்மில் மோதும். தீப்பொறி பறக்கும். மிசின் அண்ணை மறுபக்கம் ரயரின்மேல் ஏறி நின்று மிதித்தார். ரயர் றிம்மோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

"அலவாங்கு குழி கிண்டப் பிறந்த சாமானடா. அதை நகம் வெட்டச் சொன்னால் வெட்டுமே?" என்றார் மிசின் அண்ணை. அன்றைய முதல் பகிடி அது. மாமா சிரிக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வடக்கே சத்தம் கிட்டவாகக் கேட்டது. மிசின் அண்ணையின் மனைவி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வேலி ஓரம் வந்து நின்றார். அப்போது அலவாங்கு மறுபடி வழுக்கியது. மாமாவின் உள்ளங்கை றிங்கின் விளிம்பில் கிழிந்தது. அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, கோப்பித்தூளை அள்ளி அப்பி, சேலைத் தலைப்பால் அழுத்தினார். இரத்தம் நிற்கவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தேன்.

"மாமா, ஏன் அலவாங்கோடை மினைக்கெடுறியள்? அப்பான்ரை சாமான் எல்லாம் றங்குப்பெட்டிக்கை கிடக்கு. போன கிழமையும் அம்மா எண்ணெய் பூசினவா."

அந்த முற்றத்தில் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மிசின் அண்ணை குனிந்து, அவிழாத தன் சாரத்தை அவிழ்த்துக் கட்டினார். அவர் மனைவி வேலியோடு திரும்பிப் பிள்ளையின் முகத்தில் ஈ விரட்டினார். மாமா தன் கையிலிருந்த கோப்பித்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அம்மாதான் முதலில் பேசினார்.

"பிள்ளை சொல்லுறது சரி. சாமான் இருக்கு."

இருபது வருடங்கள் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது நான் மாமாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அந்தக் கையின் தழும்பு இன்னும் இருக்கிறது.

"அது பெட்டிக்கை இருக்கெண்டு எனக்கு முதலே தெரியும்" என்றார். "தாண்டிக்குளம் செக்பொயின்ராலை ஆமி ஒரு குறடு கொண்டுபோக விடுவானே? இரும்பு லீவரை விடுவானே? ஊரிலை எல்லாருக்கும் தெரியும். ஆரும் கேக்கேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் ஒரு மணித்தியாலம் அலவாங்கோடை நிண்டனீங்கள்?"

"அக்கா தானா எடுத்துத் தரட்டும் எண்டு."

"தராமல் விட்டிருந்தால்?"

"அலவாங்காலைதான் கழட்டியிருப்பன். எப்பிடியும் கழட்டியிருப்பன்" என்றார் மாமா.

அன்று அம்மா உள்ளே போய் நீலச் சாரச் சுருளைக் கொண்டுவந்தார். அதை மாமாவிடம் நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே சில்லின் அருகில் முழந்தாளிட்டு இருந்தார். தெருவோரங்களில், மழையில், காட்டுப்பாதைகளில் அப்பாவோடு நின்று அவர் எத்தனையோ தரம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் வாத்துச் சொண்டுச் சுத்தியலால் ரயருக்கும் றிங்குக்கும் இடையில் அடித்துக்கொண்டு சுற்றிவந்தார். ஒரே இடத்தில் பலமாக அடிக்கவில்லை. நாலு விரல் இடைவெளி விட்டு விட்டு, மெதுவாக, இரண்டு சுற்று. இரண்டாம் சுற்றின் முடிவில் ரயர் ஒரு முனகலோடு இறங்கிக் கொடுத்தது. பிறகு விரலால் றிங்கைத் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். கொக்கி லீவரின் நுனி அதற்குள் சத்தமில்லாமல் போய் இருந்தது.

"தம்பி, அந்த நீட்டு லீவரைப் பின்னாலை குடு. அங்கையில்லை. இங்கை. இப்ப அமத்து. விடாதை."

றிங் எழும்பியது. மாமா நல்ல கையால் அமர்த்திப் பிடிக்க, அம்மா மற்ற லீவரோடு சுற்றிவந்தார். அரைச் சுற்றில் றிங் துள்ளி, ரயரின்மேல் விழுந்து, ஒருமுறை ஒலித்து அடங்கியது. எல்லாமாகப் பத்து நிமிடம் போயிருக்காது. மிசின் அண்ணை ரயரைத் தூக்கி நிறுத்தினார்.

அம்மாவின் கை முழங்கைவரை கறுத்திருந்தது. மணிக்கட்டின் பின்பக்கத்தால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். நெற்றியில் இருந்த பொட்டு அதோடு போனது. அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு இழுபட்டது.

கிழிந்ததைக் கழற்றிவிட்டு, ரயரையும் ரியூப்பையும் பெட்டியின் றிம்மில் ஏற்றினார்கள். அதற்கும் அதே லீவர்கள். கைப்பம்பால் மாறி மாறிக் காற்றடித்தார்கள். நானும் இருபது தரம் அடித்தேன். பெட்டியைப் பூட்டி, மூட்டைகளை ஏற்றி, மிசின் அண்ணையின் மனைவியை நெல்லுச் சாக்குகளுக்கு நடுவில் இருத்தி, நானும் ஏறிய பிறகுதான் அம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது.

அவர் வேம்பின் கீழே இருந்தார். ரயர் இல்லாத வெறும் றிம் அங்கே கிடந்தது. பக்கத்தில் புல்லுக்குள் கிடந்த றிங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, றிம்மில் வைத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் இறங்கிவிட்டது. நாலாவது பக்கம் இறங்க மறுத்தது.

"அக்கா! ரயரில்லாத றிம்முக்கு றிங் எதுக்கு?" என்று மாமா பெட்டியில் நின்று கத்தினார். "ஷெல் விழுகுதெல்லோ! வா!"

"பொறு."

"என்னத்துக்குப் பொறுக்கிறது?"

"இந்த றிங் இந்த றிம்முக்குத்தான் சரி. புல்லுக்கை கிடந்தால் ஆரும் எடுத்து வேறை றிம்முக்குப் போடுவாங்கள். காத்தடிக்கேக்கை பறந்து ஆளைக் கொண்டுபோடும்."

அப்பா ஒவ்வொரு றிம்மிலும் அதற்குரிய றிங்கிலும் ஒரே எண்ணிக்கையில் உளிக்கோடு வெட்டி வைத்திருந்தார். அது மூன்று கோடு. அம்மா கோடுகளை நேர்ப்படுத்தித் தட்டினார். நாலாவது பக்கமும் இறங்கியது. றிம்மை உருட்டிக்கொண்டுபோய் லொறியின் கீழே வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் காத்திருக்க அம்மா பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அந்த லொறியை இனி யாரோ முன்பின் தெரியாதவர்கள் வந்து கழற்றப் போகிறார்கள் என்று அவர் கணக்கெடுத்துவிட்டார் என்பது எனக்கு எட்டவில்லை. வீட்டுச் சுவரில் கரியால் எழுத மாமா மறந்துபோனார். அம்மாவும் நினைவூட்டவில்லை.

அம்மா சாமான்களைச் சாரத்தில் சுற்றினார். சுற்றியதை மிசினில் இருந்த மிசின் அண்ணையிடம் கொடுத்தார்.

"வைச்சிருங்கோ, அண்ணை. வழியிலை தேவைப்படும்."

மிசின் அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கினார். அன்று பின்னேரம் நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அவர் சொன்னார்:

"கராச்சுக்காரர் வந்து கேட்டால் குடுத்திடுவன், தங்கச்சி."

"ஓம்" என்றார் அம்மா.

பெட்டி ஒழுங்கையால் ஆடி ஆடிப் போனது. நான் லொறியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் போகும் மாட்டுவண்டில்களை எண்ணிக்கொண்டு வந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் மிசின் அண்ணையின் மனைவி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சாந்துப் போத்தலை எடுத்தார்.

"அக்கா, பொட்டில்லாமல் இருக்கிறியள்."

"பிறகு வைப்பம், தங்கச்சி" என்றார் அம்மா. "பெட்டி ஆடுது."

துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். சேலைகளைக் கட்டி அறை பிரித்தார்கள். பெட்டி ஆடாத இடத்துக்கு வந்த பிறகும் அம்மாவின் நெற்றி வெறுமையாகவே இருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளப் போகும்போது சில பெண்கள் அவரைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்தார்கள். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கராச்சைப் பற்றியும் அதன் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை, அம்மாவும் கதைக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவர எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கண்ணாடி இல்லாமல் பொட்டு எப்படி நடுவில் வைப்பது?

பக்கத்துச் சேலை அறையில் இருந்த பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்று இருந்தது. பாதி உடைந்தது. என் இரண்டு சிவப்பு றிபனைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டேன். மிசின் அண்ணையின் மனைவியிடம் சாந்துப் போத்தலையும் வாங்கிக்கொண்டேன். அவர் போத்தலைத் தந்துவிட்டு என் தலையைத் தடவியது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. இரண்டையும் அம்மாவின் மடியில் வைத்தேன்.

"எங்கையெடுத்தனி?"

"மாத்தினனான். இப்ப வையுங்கோ."

அம்மா கண்ணாடியைப் புரட்டிப் பார்த்தார். அதைச் சுவரோரம் ஒரு மூட்டையின்மேல் சாய்த்து வைத்தார். என்னைப் பிடித்துத் தன் முன்னால் இருத்தினார். என் தலையை நடுவகிடு எடுத்துப் பின்னினார். ஒரு நெருப்புக்குச்சியைச் சாந்தில் தோய்த்து என் நெற்றியில் வட்டமாக வைத்து, ஊதிக் காயவிட்டார்.

"வடிவா இருக்கு" என்றார். குச்சியைத் துணியில் துடைத்தார். போத்தலை இறுக மூடி, கொண்டுபோய்க் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்.

கண்ணாடி போதாது என்பது எனக்கு விளங்கிவிட்டது. பாதிக் கண்ணாடியில் பெரியவர்களின் முகம் அடங்காது. அன்று பின்னேரம் மாமா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: எங்கள் லொறியின் பக்கக் கண்ணாடி பெரியது, உடையாதது, அதில் அம்மாவின் முகம் முழுவதும் தெரியும், கிளிநொச்சிப் பக்கம் போக வழி கிடைத்தால் அதைக் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்று. லீவர் ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை, நட்டுக் கழற்றும் ஒரு சின்னச் சாவி போதும் என்றும் சொன்னேன்.